மிரட்டுவது யார், மிரள்வது யார்? 'மெனஸ்' என்ற சொல்லை முன்வைத்து

ஹெரால்ட் பின்ட்டரின் 'பெர்த்டே பார்ட்டி' நாடகத்தைத் தமிழில் மேடையேற்றுவது என்று நண்பர்கள் சிலர் முடிவு செய்தார்கள். மொழிபெயர்ப்பு ஏற்கெனவே ஒருவர் கையில் தயாராக இருந்தது. பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைக்கு ஒரு பக்கம் எழுதித்தரும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவன், இவனிடம் சொல்லுக்குப் பஞ்சமிருக்காது என்று நினைத்திருப்பார்கள். பின்ட்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதென்றால் 'காமெடி ஆஃப் மெனஸ்' என்ற தொடரைத் தாண்டி ஓட முடியாது. 'அச்சுறுத்தலின் இன்பியல்' என்று எழுதினேன். தேர்வாணைய வினாத்தாள் மாதிரி இருந்தது. 'பயங்கர நகைச்சுவை' என்று எழுதினேன். தீபாவளிக்கு வரும் படத்தின் விளம்பரமாகிவிட்டது. கடைசியில் 'மிரட்டல் நாடகம்' என்றே போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதன் விளைவை ஒத்திகையில் பார்த்தேன். கோல்ட்பெர்க்காக நடித்த தோழர் கண்ணை உருட்டினார், மேசையைக் குத்தினார், எட்டுக் கட்டையில் கத்தினார். இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “நீங்கதானே தோழர் மிரட்டல்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, அதான் மிரட்டினேன்” என்றார் நடிகர் என்னைக் காட்டி. தப்பு அவருடையதில்லை. தமிழில் மிரட்டல் என்றால் சத்தம்தான். அதட்டல், உருட்டல், மிரட்டல் எல்லாம் ஒரே வரிசையில் வரும். நம்முடைய சினிமா வில்லன்கள் ஐம்பது அறுபது வருடங்களாக அதற்கு உருவம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கோல்ட்பெர்க் அப்படிப்பட்ட ஆளே இல்லை. நாடகம் தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கரை ஊர் ஒன்றில் பழைய தங்கும் விடுதி. மெக், பீட்டி என்ற வயதான தம்பதி நடத்துகிறார்கள். ஸ்டான்லி என்ற ஒருவன் மட்டும் அங்கே நெடுநாளாகத் தங்கியிருக்கிறான். ஒருநாள் கோல்ட்பெர்க், மெக்கேன் என்று இரண்டு பேர் வந்து சேர்கிறார்கள். கோல்ட்பெர்க் தன் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார், மாமாவைப் பற்றிப் பேசுகிறார், பழைய நாட்களின் நல்ல பழக்கவழக்கங்களைப் பற்றி உருகுகிறார். ஸ்டான்லிக்குப் பிறந்தநாள் கொண்டாடியே தீரவேண்டும் என்கிறார். நடுவில் ஒரு விசாரணை. கேள்விகள் மழைமாதிரி விழுகின்றன, எதற்கும் பதில் எதிர்பார்க்கப்படுவதில்லை. மறுநாள் காலை ஸ்டான்லி சவரம் செய்யப்பட்டு, கோட்டு மாட்டப்பட்டு, பேச்சிழந்து கீழே இறக்கிவரப்படுகிறான். காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவன் செய்த குற்றம் என்ன, இவர்களை அனுப்பிய அமைப்பு எது என்பதைப் பிரதி கடைசிவரை சொல்வதில்லை.

தேநீர் இடைவேளையில் இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த நடிகர் குறுக்கிட்டார். அவர் வைகைக் கரையோரக் கிராமம் ஒன்றின் சேரியிலிருந்து வந்தவர். “எங்க ஊர்ல பெரியவங்க யாரும் மிரட்டவே மாட்டாங்க தோழர். கூப்பிட்டு உக்காரக்கூடச் சொல்வாங்க, திண்ணையில இல்ல, கீழ. 'என்னப்பா, தங்கச்சி காலேஜுக்குப் போகுதாமே, பஸ்ஸுல தனியாவா போகுது?'ம்பாங்க. கொஞ்ச நேரம் மழை தண்ணியப் பத்திப் பேசுவாங்க. எந்திரிக்கும்போது, 'பாத்து இருந்துக்கப்பா'ம்பாங்க. அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி எங்கம்மா தூங்காது.”

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். இதுதான் கோல்ட்பெர்க் என்றார். எனக்கோ என்னுடைய துண்டறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வாங்கிக்கொண்டும் வந்தேன். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லோடு நான் பட்ட பாடு.

*

'மிரட்டு' என்பது 'மிரள்' என்பதன் பிறவினை. உருள் – உருட்டு, சுருள் – சுருட்டு, மிரள் – மிரட்டு. மாடு மிரளும், கன்று மிரளும், சாமி ஊர்வலத்தில் வெடிச்சத்தம் கேட்டு யானை மிரளும். மிரள்கிற ஓர் உயிர் முதலில், அதை மிரள வைக்கிறவன் பிறகு. சொல்லின் அமைப்பே அப்படி. 'அச்சுறுத்து' என்பதும் அச்சத்தை உறச் செய்தல்தான். 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்ற பழமொழியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். காடு கொள்ளாத அளவுக்கு ஆகிவிட்ட அந்தச் சாது அடிப்படையில் பயந்துபோனவன். யாரோ அவனை மிரட்டியிருக்கிறார்கள். பழமொழி அதைச் சொல்லாமல் விடுகிறது, ஆனால் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆங்கில 'மெனஸ்' பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் 'மினாரி' என்றால் மிரட்டுதல். 'மினே' என்றால் மிரட்டல்கள். அதே சொல்லுக்கு மதிலின் உச்சியில் துருத்திக்கொண்டு நிற்கும் முனைகள் என்றும் பொருள் உண்டு. மேலே கவிந்து நிற்பது, விழாமல் ஆனால் விழப்போவதுபோல நிற்பது என்பதே வேர். 'எமினென்ட்', 'ப்ராமினென்ட்', 'இம்மினென்ட்' ஆகியவையும் துருத்தி நிற்றல் என்ற இதே பொருளடியில் பிறந்தவைதாம். முதல் இரண்டும் நம்மூரில் 'பெரிய மனுஷன்' என்று சொல்கிறோமே, அதற்கான சொற்கள். மூன்றாவது, இதோ நடக்கப்போகிறது என்பதற்கானது. ஆக பெரிய மனுஷனும் மிரட்டலும் நடக்கப்போகும் ஆபத்தும் ஆங்கிலத்தில் பங்காளிகள். நடிகர் சொன்னதும் வேறொன்றுமில்லை.

இன்னொரு கிளை இதைவிடச் சுவாரசியமானது. பிற்கால லத்தீனில் 'மினாரே' என்ற வடிவம், கூச்சல்போட்டு மிரட்டி மாடு ஓட்டுவதைக் குறித்தது. அதிலிருந்து பிரெஞ்சில் 'மெனே' வந்தது. அழைத்துச் செல்லுதல், வழிநடத்துதல் என்று பொருள். ஆங்கிலத்தில் சொன்னபடி கேட்கிறவனை 'அமெனபிள்' என்கிறார்களே, அதுவும் இந்தத் தொழுவத்திலிருந்து வந்ததுதான். மாட்டை ஓட்டுகிற சத்தத்திலிருந்து தலைமைக்கும் கீழ்ப்படிதலுக்கும் சொற்கள் கிளம்பியிருக்கின்றன. தமிழிலும் மாடு, லத்தீனிலும் மாடு. அங்கே சொல் ஓட்டுகிறவன் வாயிலிருந்து புறப்படுகிறது, இங்கே மிரள்கிற மாட்டின் உடம்பிலிருந்து. (இதை வைத்துத் தமிழின் தனிப்பெருமை பேச யாரும் கிளம்பிவிட வேண்டாம். மாட்டின் பக்கம் நின்று சொல் உருவாக்கிய மொழியில்தான் 'பாத்து இருந்துக்க'வும் பேசப்படுகிறது.)

துருத்தி நிற்கும் மதில் என்று அகராதியில் படித்தபோது என் நினைவுக்கு வந்தது ரோமாபுரிக் கோட்டையில்லை. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூர். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில், ஒரு ஜவுளிக்கடைக்காரரின் வீட்டுச் சுற்றுச்சுவர் பக்கத்திலிருந்த தலித் குடியிருப்பின் மேல் சரிந்தது. 17 பேர் செத்தார்கள். அது விழும் என்று அங்கே குடியிருந்தவர்கள் முன்பே சொல்லி வந்திருந்தார்கள். நியாயம் கேட்டு மறியல் செய்தவர்கள் மீது தடியடி நடந்தது, கைது நடந்தது. அந்தச் சுவர் விழுவதற்கு முந்தைய நாள்வரை அங்கே 'நடந்தது' என்று சொல்ல எதுவுமில்லை. சுவர் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். லத்தீன்காரன் 'மினே' என்று பெயர்வைத்தது இப்படி நிற்பதற்குத்தான்.

*

இப்படி மேலிருந்து கவியும் பொருளோடு பிறந்த சொல் ஆங்கிலத்தில் யாரைச் சுட்டப் போயிற்று என்று பார்த்தால் கூத்தாக இருக்கிறது. ஆங்கிலத்திலும் வினையாக வரும்போது ஒரு எழுவாய் வேண்டும்: யாரோ யாரையோ மிரட்ட வேண்டும். பெயராக வரும்போது அந்தத் தேவை போய்விடுகிறது. 'ஹீ இஸ் எ மெனஸ்' என்று சொல்லிவிடலாம். அவன் என்ன செய்தான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அவன் இருப்பதே மிரட்டல். தமிழில் 'அவன் ஒரு மிரட்டல்' என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டாது. ஒட்டினாலும் நன்றாக நடிக்கிறான் என்று பொருளாகிவிடும்.

அடுத்த கட்டம், ஒரு கூட்டத்தையே முன்னால் நிறுத்தி 'மெனஸ்' என்பதைப் பின்னால் ஒட்டுவது. கம்யூனிஸ்டுகள் அமெரிக்காவில் 'சிவப்பு மெனஸ்' ஆனார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பின இளைஞர்களைப் பற்றி 1993இல் வந்த படத்தின் பெயரிலேயே 'மெனஸ்' இருக்கிறது; சமூகத்துக்கு அபாயம் என்று தங்கள்மேல் ஒட்டப்பட்ட சீட்டை அந்தப் படம் போஸ்டராக ஒட்டிக் காட்டியது. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் இதில் தனி ராஜ்யமே நடத்துகின்றன. கொசு மெனஸ், தெருநாய் மெனஸ், குரங்கு மெனஸ் என்று ஒரு பட்டியல். அதே பக்கத்தில், அதே எழுத்துருவில், நடைபாதை வியாபாரி மெனஸ், பிச்சைக்காரர் மெனஸ். கொசுவுக்கும் பூ விற்கிற அம்மாவுக்கும் நடுவில் இலக்கணம் ஒரு வித்தியாசமும் பார்ப்பதில்லை. புகைமருந்து அடிக்கும் வண்டியும் நகராட்சி லாரியும் ஒரே வாக்கியத்திலிருந்து புறப்படுகின்றன. குடியிருப்போர் சங்கத்தின் மனு, செய்தியின் தலைப்பு, ஆணையரின் நடவடிக்கை மூன்றிலும் ஒரே சொல் கைமாறிப் போவதைக் கவனித்தால் சொல்லாடலும் அதிகாரமும் பற்றிய தடித்த புத்தகங்கள் கொஞ்ச நேரத்துக்குத் தேவைப்படாது.

சொகுசுக் குழந்தைகளுக்கு மட்டும் இந்தச் சொல் செல்லப்பெயராகிவிடுகிறது. 1951 மார்ச்சில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் 'டென்னிஸ் த மெனஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு குறும்புக்காரப் பையன்கள் சித்திரக்கதையில் பிறந்தார்கள். அந்தப் பையன் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைக்கலாம். வாசகர்கள் சிரிப்பார்கள்.

நம்முடைய பத்திரிகைத் தமிழில் இந்த இடத்துக்கு வருவது 'தொல்லை', 'அட்டகாசம்'. காட்டு யானை அட்டகாசம், குரங்குகள் அட்டகாசம், வாலிபர்கள் அட்டகாசம். காட்டை வெட்டித் தோட்டம் போட்டவன் அட்டகாசம் செய்ததாகச் செய்தி வந்து நான் பார்த்ததில்லை. இந்த 'அட்டகாசம்' வடமொழி 'அட்டஹாசம்'. பெருஞ்சிரிப்பு என்று பொருள். சிவன் முப்புரத்தைச் சிரித்தே எரித்த கதை தெரியும்தானே. சிரிப்பாக இருந்தது அட்டூழியமாகி, இப்போது 'படம் அட்டகாசம்' என்று பாராட்டாகவும் ஆகிவிட்டது. சிரிப்பும் மிரட்டலும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் 'காமெடி ஆஃப் மெனஸ்' என்பதற்குத் தமிழில் ஆகப் பொருத்தமான மொழிபெயர்ப்பு 'அட்டகாச நாடகம்' என்றே சொல்லலாம். துண்டறிக்கையில் போட்டால் நம்மை நாமே புகழ்ந்துகொண்டதாக ஆகும் என்று இயக்குநர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதும் சரிதான்.

*

சட்டம் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டம், 21ஆம் பிரிவு, பிளாக்மெயிலை வரையறுக்கும்போது 'மெனஸ்'களோடு கூடிய நியாயமற்ற கோரிக்கை என்கிறது. அடிப்பேன் உதைப்பேன் என்பது மட்டும் மெனஸ் ஆகாது, கேட்கிறவருக்குப் பாதகமான, மனசங்கடமான எதைச் செய்வேன் என்று சொன்னாலும் மெனஸ்தான் என்று 1937லேயே பிரபுக்கள் அவை விரித்துப் பொருள் சொல்லியிருந்தது. 1974இல் ஒரு வேடிக்கையான வழக்கு. கல்லூரி மாணவர்கள் தர்மகாரியத்துக்காகக் கடைக்காரர்களுக்குக் கடிதம் போடுகிறார்கள்: நன்கொடை கொடுத்தால் எங்கள் கொண்டாட்ட வாரத்தின் தொந்தரவுகளிலிருந்து உங்கள் கடைக்கு விலக்கு. இது மெனஸ் ஆகாது என்று தள்ளுபடி ஆயிற்று. நம்ம ஊர்க் கடைவீதியில் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களைப் பார்த்துக் கல்லாவில் இருப்பவர் முகம் போகிற போக்கை அந்த நீதிபதி பார்த்ததில்லை.

நமக்கு நெருக்கமானது வேறொரு கிளை. 1935இல் இங்கிலாந்தின் அஞ்சல்துறைத் திருத்தச் சட்டத்தில் ஆபாசமான, 'மெனஸிங்' தன்மையுள்ள தொலைபேசிச் செய்திகள் குற்றமாக்கப்பட்டன. இணைப்புக் கொடுக்கும் பெண் ஊழியர்களை அசிங்கமாகப் பேசுகிறவர்களிடமிருந்து பாதுகாப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நல்ல நோக்கம்தான். அந்தத் தொடர் சட்டத்திலிருந்து சட்டத்துக்குத் தாவி 2003 தகவல்தொடர்புச் சட்டத்துக்கு வந்து சேர்ந்தது. 2010 ஜனவரியில் ஓர் இளைஞர் பனியால் மூடிக்கிடந்த விமான நிலையத்தைத் தகர்த்துவிடப்போவதாக எரிச்சலில் ட்விட்டரில் நையாண்டியாக எழுதினார். தண்டனை, 385 பவுண்டு அபராதம், வேலையும் போயிற்று. படிக்கிறவர் மனதில் பயத்தை உண்டாக்காத செய்திக்கு மெனஸிங் தன்மை கிடையாது என்று 2012 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இதற்குள் சொல் கப்பலேறி இங்கே வந்துவிட்டது. 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் அதே 'மெனஸிங்' தன்மை, மூன்று வருடம்வரை சிறை. 2012 நவம்பரில் பால் தாக்கரே இறந்தபோது மும்பை நகரம் மூடிக்கிடந்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணும் அதை விரும்பிய இன்னொரு பெண்ணும் பால்கரில் கைதானார்கள். நகரத்தையே மூடவைத்தவர்கள் யாரும் மெனஸ் இல்லை, ஏன் மூட வேண்டும் என்று கேட்ட 21 வயதுப் பெண் மெனஸ். 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் 66ஏவை முழுசாகச் செல்லாததாக்கியது. அதற்குப் பிறகும் காவல் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குகள் விழுந்துகொண்டிருந்தன. இனி யார்மீதும் போடக்கூடாது என்று 2022 அக்டோபரில் இன்னொரு தடவை உத்தரவிட வேண்டியிருந்தது. செத்த சட்டத்தின் பேய்கூட ஆளைப் பிடிக்கிறது.

இப்போது நடிகருடைய 'பாத்து இருந்துக்கப்பா'வைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். எழுத்தர் கேட்பார்: ஆயுதம் காட்டினாரா? கொன்னுபுடுவேன்னு சொன்னாரா? பொது இடமா? 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்குப் பிரிவு இருக்கிறது, 2015 திருத்தத்துக்கு முன் 3(1)(எக்ஸ்), பின் 3(1)(ஆர்). அவமானப்படுத்தும் நோக்கம் வேண்டும், பொதுப்பார்வையில் நடந்திருக்க வேண்டும். திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசியதில் இரண்டும் எப்படி வரும்? “பாத்து இருந்துக்கன்னு அக்கறையாத்தானே சொல்லியிருக்காரு” என்பார்கள். மறுபக்கம், அதே ஊர் இளைஞர்கள் நாலு பேர் எதிர்த்துப் பேசினால் 294(பி), 323, 506(2) என்று மூன்றையும் சேர்த்துப்போடும் வழக்கம் நீதிமன்ற வாசலில் நின்ற எவருக்கும் மனப்பாடம். 506 இப்போது 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 351 ஆகிவிட்டது, எண் மாறியிருக்கிறது. அதற்கும் மேல் 1982ஆம் வருடத்துக் குண்டர் சட்டம் இருக்கிறது, செய்யப்போவதாகக் கருதப்படுவதற்காக ஒரு வருடம்வரை உள்ளே வைக்க.

*

நம் பத்திரிகை வாசகர்களில் பலர் இந்த இடத்தில் ஹோமி பாபாவை நினைத்திருப்பார்கள். காலனிய ஆட்சி தன்னைப்போன்ற, ஆனால் முற்றிலும் தன்னைப்போலாகிவிடாத ஒரு குடிமகனை உருவாக்கப் பார்க்கிறது. அவன் போலச்செய்வது ஒரே சமயத்தில் ஒத்திருப்பதாகவும் மெனஸாகவும் ஆகிவிடுகிறது என்பது 1984இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் வாதம். எதிர்த்து எதுவும் செய்யாமலே, இருப்பதாலேயே, ஆள்பவனைக் கலங்கவைக்கிறான் என்கிறார். இதைப் படித்துவிட்டு நாமெல்லாம் கிறங்கிப்போய்த்தான் இருந்தோம். 'விளிம்பின் எழுத்து மையத்துக்கு விடுக்கும் அச்சுறுத்தல்' என்று எத்தனை கட்டுரைகள்! நானே இரண்டு எழுதியிருக்கிறேன். இப்போது எடுத்துப்பார்க்கக் கூச்சமாயிருக்கிறது.

என் கேள்வி இதுதான். ஆள்பவன் கலங்குகிறான் என்பதால் ஆளப்படுகிறவனுக்குக் கிடைப்பது என்ன? அந்தக் கலக்கத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. ஒரு கூட்டத்தில் பிறந்திருப்பதே அபாயம் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த இலக்கணமும் சொல்ல முடியாது. பெயர்ப்பதிவு, கைரேகை, இரவில் ஊரைவிட்டுப் போகத் தடை. மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள்; சட்டம் அவர்களுடைய சுபாவத்துக்குப் பெயர்வைத்தது, அவர்கள் தங்கள் கட்டைவிரலுக்கு நேர்ந்ததைக் கொண்டு சட்டத்துக்குப் பெயர்வைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள்மீது துப்பாக்கி சுட்டது. ஆட்சி பயந்துதான் சுட்டது, சந்தேகமில்லை. அந்தப் பயத்தைச் செத்தவர்களின் வெற்றியாகக் கட்டுரையில் கணக்கு எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை. சட்டம் 1947இல் இங்கே ரத்தானது. ஒரு காலத்தில் இப்படி முத்திரை குத்தப்பட்டவர்கள் அதற்கப்புறம் எப்போதும் மிரள்கிற பக்கத்திலேயே நிற்பார்கள் என்பதுமில்லை. அது வேறு கதை, தனியாக எழுத வேண்டிய கதை.

பாபா சொல்வது ஆள்பவனின் மனதுக்குள் நடப்பதைப் பற்றிய நல்ல விவரிப்பு. சிக்கல், நாம் அதை நம்முடைய பட்டமாக வாங்கி மாட்டிக்கொண்டதில் இருக்கிறது. 'நாங்கள் உனக்கு அச்சுறுத்தல்' என்று மேடையில் சொல்லும்போது கைதட்டல் விழுகிறது. அதே வாக்கியத்தைத் தடுப்புக் காவல் ஆணையில் அவன் எழுதும்போது ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

*

பின்ட்டருக்குத் திரும்புகிறேன். 'பெர்த்டே பார்ட்டி' 1958 மே மாதம் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் மேடையேறி எட்டுக் காட்சிகளோடு ஊற்றிக்கொண்டது. ஹெரால்ட் ஹாப்ஸன் 'சண்டே டைம்ஸ்'இல் கொண்டாடி எழுதியபோது நாடகத்தைத் தூக்கியாயிற்று. அதே வருடம் இர்விங் வார்டில் 'என்கோர்' இதழில் 'காமெடி ஆஃப் மெனஸ்' என்ற பெயரில் கட்டுரை எழுதினார். தொடர் அவருடையதல்ல, 1957இல் டேவிட் காம்ப்டன் தன் நாடகத்துக்கு வைத்த துணைத்தலைப்பு. 'காமெடி ஆஃப் மேனர்ஸ்' என்ற பழைய மேல்தட்டு நாடகவகையின் பெயரைக் கொஞ்சம் கோணலாக உச்சரித்தால் இது வரும். அந்தச் சிலேடை வெறும் விளையாட்டில்லை என்று இப்போது தோன்றுகிறது. நாசூக்கும் மிரட்டலும் உச்சரிப்பு வித்தியாசம்தான்.

ஆனால் விமர்சகர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய் ஆகாயத்தில் மாட்டிவிட்டார்கள். பெயர் தெரியாத பீதி, மனித இருப்பின் பதற்றம் என்று ஒரு கால்நூற்றாண்டு ஓடியது. மிரட்டுகிறவர்களின் முகவரியைக் கேட்பது ரசனையில்லாத்தனம் என்றாகிவிட்டது. பின்ட்டர் லண்டன் ஹாக்னியில் வளர்ந்த யூதப் பையன். போருக்குப் பிறகும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் பாசிசக் கும்பல்கள் உடைந்த பால்புட்டிகளோடு நின்றன. அவர்களைக் கடந்துபோக அவர் கற்றுக்கொண்ட வழி, நின்று நலம் விசாரித்து, அவர்களுடைய விசாரிப்புக்கும் பதில் சொல்லி, பேச்சை விடாமல் வெளிச்சமுள்ள பெரிய சாலையை நோக்கி நடந்துகொண்டேயிருப்பது என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். கோல்ட்பெர்க்கின் மொழி எங்கேயிருந்து வந்தது என்பதற்கு இதற்குமேல் ஆராய்ச்சி வேண்டுமா? 1985இல் நடந்த ஓர் உரையாடலில், தன் தொடக்ககால நாடகங்களும் அரசியல் நாடகங்கள்தாம் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

அந்த வருடம் ஆர்தர் மில்லரோடு துருக்கிக்குப் போனார். சித்திரவதைக்குள்ளானவர்களையும் அவர்களது குடும்பத்தாரையும் சந்தித்தார். குர்து மொழி தடைசெய்யப்பட்டிருந்தது அவருக்குள் தைத்தது. 1988இல் 'மவுண்டன் லேங்க்வேஜ்' வந்தது. இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடாத நாடகம். சிறையில் கிடக்கும் மகனைப் பார்க்கவரும் தாய் தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் அவனிடம் பேசக்கூடாது. பிறகு அனுமதி வரும்போது அவளால் பேச முடிவதில்லை.

1996இல் லண்டனில் குர்து அகதிகளின் நாடகக்குழு ஒன்று இதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. சிப்பாய் வேடத்துக்காக வைத்திருந்த பொம்மைத் துப்பாக்கிகளை யாரோ பார்த்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆயுதமேந்திய போலீஸ் வந்து சுற்றி வளைத்தது. நடிகர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, தங்களுக்குள் குர்து மொழியில் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நாடகத்தில் இருந்ததை இங்கிலாந்துப் போலீஸ் தெருவில் நடித்துக்காட்டியது. பக்கத்துவீட்டுக்காரரின் பயம் உண்மையானதாகவே இருக்கலாம். நாட்டைவிட்டு ஓடிவந்து, துப்பாக்கியைப் பார்த்து மிரண்டவர்கள், துப்பாக்கிக்காரன் வேடம் போட்டதால் மெனஸ் ஆனார்கள்.

இந்தச் சம்பவத்தை எங்கள் குழுவில் சொன்னபோது சிரித்தார்கள். கோல்ட்பெர்க் நடிகர் மட்டும் சிரிக்காமல், அவர்களை எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று கேட்டார்.

அவர் இப்போது குரலை உயர்த்துவதேயில்லை. ஸ்டான்லியின் தோளில் கைவைத்து, மழையைப் பற்றிக் கேட்கிற தொனியில் பேசுகிறார். முதல்முறை அப்படிச் செய்தபோது ஸ்டான்லியாக நடிக்கிற பையன் பிரதியில் இல்லாத ஓரடி பின்னால் நகர்ந்தான். இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். துண்டறிக்கையில் நாடக வகையின் பெயரை எடுத்துவிட்டோம். அரங்கத்தின் பெயர், நேரம், நடிகர்கள் பட்டியல் மட்டும்.

தீராமல் இருப்பது ஓரிடம்தான். கடைசியில் ஸ்டான்லியைக் கூட்டிக்கொண்டு போகும்போது பீட்டி, கடற்கரையில் நாற்காலி வாடகைக்கு விடுகிற அந்தக் கிழவர், விட்டுவிடுங்கள் என்று தடுக்கப் பார்க்கிறார். அவர்கள் கோபப்படுவதில்லை. நீங்களும் வாருங்களேன், காரில் இடமிருக்கிறது என்று உபசரிக்கிறார்கள். பீட்டி நின்றுவிடுகிறார். எங்கள் மொழிபெயர்ப்பாளர் அந்த அழைப்பை எழுத்துத் தமிழில் வைத்திருந்தார். நடிகர் அதை “வர்றீகளாய்யா, எடமிருக்கு” என்று மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு பீட்டி எவ்வளவு நேரம் பேசாமல் நிற்பது என்பதில் தகராறு. ஐந்து நொடி போதும், அதற்குமேல் போனால் சனங்கள் வசனத்தை மறந்துவிட்டான் என்று நினைப்பார்கள் என்கிறார் இயக்குநர். நினைத்தால் நினைக்கட்டும், எங்க அப்பா நின்ற நேரம் அதைவிட அதிகம் என்கிறார் நடிகர். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் இரண்டு விதமாகவும் செய்து பார்ப்பதாக இருக்கிறோம்.